மயக்க ஊசிக்கு முன்னால் எங்கள் மொழியில் மூன்று கேள்விகள்

பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி, கோயம்புத்தூர் மருத்துவமனைகளில் பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 19 வருடமாகிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பாலக்காட்டுப் பக்கத்து மருந்துச் சீட்டோடு வருவார்கள், மீதிப்பேர் கோயம்புத்தூர்ச் சீட்டோடு. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவில் வாழ்கிற ஊர் எங்களுடையது. உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்தப் பக்கம் பஸ் முதலில் வருகிறதோ அந்தப் பக்கம் போவோம். அதனால்தான் இந்த மடலை ஒரு மாநிலத்துக்கு மட்டும் எழுத முடியவில்லை.

என் அக்கா மகளைப் பற்றிச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது சொந்த அத்தை மகனுக்கு. எங்கள் பக்கம் அது சாதாரணம். முறைப்பெண் இருக்கும்போது வெளியில் தேடினால்தான் ஏன் என்று கேட்பார்கள். பாப்பாவுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்யலாம், ஸ்ருதிதரங்கம் திட்டத்தில் கேரள அரசே செலவை ஏற்கும் என்று தெரிந்தபோது வீடே கொண்டாடியது. அதற்கு முன்னால் சொத்தைப் பற்கள் நாலைந்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். நாலு வயதுக் குழந்தை, அதுவும் காது கேளாத குழந்தை, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். அதனால் முழு மயக்கம் கொடுத்துச் செய்வதாக முடிவானது. எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப்போவதில்லை. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த மடல் எழுதவில்லை; அன்று தியேட்டருக்குள் இருந்தவர்கள்தான் அவளைக் காப்பாற்றினார்கள், அதை நாங்கள் மறக்கவில்லை.

அரை மணி நேரம் என்றார்கள். இரண்டரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தவர், "ஹார்ட் ரேட் கொஞ்சம் ஏறி இறங்கிச்சு, இப்போ சரியாயிடுச்சு, ஒரு ராத்திரி ஐசியுவில் வைத்துப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் சட்டை மாற்றும்போதுதான் அக்கா பார்த்தாள். வலது தோளுக்குக் கீழே ஒன்று, இடது விலாப் பக்கம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த தடம். நான் மருந்துக்கடைக்காரி என்பதால் எனக்குப் புரிந்தது. இதயத்துக்கு ஷாக் கொடுத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். பல்லைப் பற்றி முக்கால் பக்கம். கடைசியில் ஒரு வரி, மயக்கத்தின்போது ஒரு நிகழ்வு, சமாளிக்கப்பட்டது என்ற பொருளில். என்ன நிகழ்வு, எதனால், இனி என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இல்லை.

ஏழு மாதம் கழித்து, காதுக் கருவிக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த மயக்க மருந்து டாக்டரம்மா அந்த ஒற்றை வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். நல்ல தமிழில் கேட்டார்: "இவ எப்பவாச்சும் ஓடும்போதோ, பயந்தோ, திடீர்னு சுருண்டு விழுந்திருக்காளா?" மூன்று தடவை விழுந்திருக்கிறாள். வலிப்பு என்று சொல்லி ஒரு வருடமாக அதற்கான சிரப் கொடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்த கேள்வி: "உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது காரணமே தெரியாம போயிருக்காங்களா? தூக்கத்துல, இல்ல தண்ணியில?"

அத்தை அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

மாமாவுக்கு, அதாவது பாப்பாவின் அப்பாவுக்கு, ஒரு தம்பி இருந்தான். 12 வயது. தோட்டத்துக் கிணற்றில் மீன் மாதிரி நீந்துவான். ஒருநாள் குதித்தவன் மேலே வரவில்லை. கிணறு காவு வாங்கிவிட்டது என்று சொல்லி, கிணற்று மேட்டில் கிடா வெட்டி, அத்தோடு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் மூடிவிட்டார்கள். 30 வருடத்துக்குப் பிறகு ஒரு டாக்டர் கேட்ட ஒரே கேள்வியில் அது திரும்ப வெளியே வந்தது. அன்றே பாப்பாவுக்கு இசிஜி எடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை. க்யூடி இடைவெளி 530 மில்லி செகண்ட்.

மருத்துவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். இதயம் ஒவ்வொரு முறை துடித்த பிறகும் அடுத்த துடிப்புக்குத் தன்னை மின்சாரத்தால் தயார் செய்துகொள்ள வேண்டும். அந்தத் துடிப்பு தொடங்கியதிலிருந்து இதயம் மறுபடி தயாராகும் வரை ஆகிற நேரத்தைத்தான் இசிஜி தாளில் க்யூடி என்று அளக்கிறார்கள். துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டால் அது 450 மில்லி செகண்டை ஒட்டி, அதற்குள் இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் ஆபத்து. தயாராகி முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்து இடித்தால் எல்லாம் தாறுமாறாகிவிடும். அப்போது இசிஜியில் அலைகள் நார்க்கயிறு முறுக்குவது போல முறுக்கிக்கொண்டு ஓடும். டார்சேட்ஸ் என்று அதற்குப் பெயர். சில நொடியில் தானாக நின்றால் ஆள் மயங்கி விழுந்து எழுந்துவிடுவார், பார்ப்பவருக்கு வலிப்பு மாதிரி இருக்கும். நிற்காவிட்டால் உயிர் போய்விடும்.

இது பிறவியிலேயே இருக்கிறவர்கள் சுமார் 2000 பேருக்கு ஒருவர். அதில் மிக அரிதான ஒரு வகை காது கேளாமையோடு சேர்ந்து வரும். 1957-இல் நார்வே நாட்டில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு குழந்தைகளில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, நால்வரும் அடிக்கடி மயங்கி விழுவார்கள், அவர்களில் மூன்று பேர் 4, 5, 9 வயதுகளில் திடீரென்று இறந்துபோனார்கள். இதயத்தின் செல்லிலும் உட்காதிலும் பொட்டாசியம் போய்வர ஒரே மாதிரியான வாயில் இருக்கிறது. அந்த வாயிலுக்கான மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் காதும் போகும், இதயத் துடிப்பும் கெடும். ஒரு பக்கம் மட்டும் பழுதாக வந்தால் காது நன்றாகவே இருக்கும். ஆனால் சிலருக்கு க்யூடி நீளும், முக்கியமாக நீந்தும்போதும் ஓடும்போதும் துடிப்பு தவறலாம். எங்கள் அப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள். அக்காவுக்கு அப்பா வழியாக, மாமாவுக்கு அத்தை வழியாக. கிணற்றில் போன பையனுக்கும் இதுதானா என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் இசிஜி எடுத்ததில் இருவருக்கும் கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

சொந்தத்தில் கட்டிக்கொள்வது எங்கள் பகுதியில் இன்றும் நடக்கிறது. அதைப் பற்றி ஊருக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் சொந்தத்தில் கட்டிய தம்பதிக்குப் பிறந்த காது கேளாத குழந்தை ஆபரேஷன் மேசைக்கு வருகிறது என்றால், இசிஜி எடுக்காமல் மயக்கம் கொடுக்கக் கூடாது. காதுக் கருவி பொருத்தும் பெரிய மையங்களில் இதைச் செய்கிறார்கள். பல்லுக்கும், டான்சிலுக்கும், ஸ்கேனுக்கும் போகிற இடத்தில்தான் விட்டுப்போகிறது.

ஏன் மயக்கத்தின்போது இது வெளிப்படுகிறது? பாப்பாவை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கித் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது அவள் பட்ட பயம் முதல் காரணம். தொண்டைக்குள் குழாய் போடும் நேரமும், தெளியும் நேரமும் உடம்பில் அட்ரினலின் ஏறும் நேரங்கள். செவோஃப்ளுரேன் போன்ற முகர்ந்து மயங்கும் மருந்துகள் க்யூடியை நீட்டும். வாந்தி வராமல் இருக்க வழக்கமாகப் போடும் ஆண்டான்செட்ரான் ஊசியும் நீட்டும். உடம்பு குளிர்ந்தாலும், பொட்டாசியமோ மெக்னீசியமோ குறைந்தாலும் நீளும். மற்ற குழந்தைக்கு ஒன்றும் செய்யாத இத்தனை சின்னச் சின்ன விஷயங்களும் இவளுக்கு ஒன்றுசேர்ந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல் வீங்கியிருக்கிறது என்று அந்த ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொடுத்தது நான், என் கடையிலிருந்து. அதுவும் க்யூடியை நீட்டுகிற மருந்து. அதனால்தான் அப்படி ஆனது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனாலும் அந்த பாட்டிலை எடுத்து நீட்டிய கை என்னுடையது. அன்றிலிருந்து டோம்பெரிடோன், ஃப்ளூகனசோல், எரித்ரோமைசின், ஹைட்ராக்சிக்ளோரோக்வின் என்று எதை எடுத்தாலும், "அடிக்கடி மயக்கம் வருமா, வேற மாத்திரை சாப்பிடறீங்களா" என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

இரண்டாவது மருத்துவமனையில் அந்த டாக்டரம்மா எப்படிச் செய்தார் என்பதை எழுத வேண்டும், ஏனென்றால் இதற்கு வெளிநாட்டுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. முதலில் இதய மருத்துவரிடம் அனுப்பி, இதயத்தின் மேல் அட்ரினலின் வேகத்தை அடக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை ஆரம்பித்தார்கள். மாத்திரையை எடைக்குத் தக்கபடி பிரித்துத் தருவது என் வேலை. ஒரு வேளை கூடத் தவறவிடக் கூடாது என்று வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். சில வாரம் கழித்து இசிஜி மறுபடி பார்த்து, பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்து, பிறகுதான் நாள் குறித்தார்கள். அன்று காலை பாப்பாவுக்குத் தூக்கம் வரும் மருந்தை வாய்வழியே கொடுத்து, அக்கா மடியிலேயே கண் சொக்கிய பிறகு உள்ளே கொண்டுபோனார்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ஷாக் பட்டைகளை நெஞ்சில் ஒட்டிவிட்டார்கள். மெக்னீசியம் மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்தார்கள். முகரும் மருந்துக்குப் பதில் நரம்பு வழியே ப்ரோபோஃபால். ஆண்டான்செட்ரான் கிடையாது. கம்பளி, சூடான காற்று. தியேட்டரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டோம். கருவியை முதன்முதலில் இயக்கிய நாளிலும், திடுக்கிட்டுவிடக் கூடாது என்று ஒலியை மிக மெதுவாகத்தான் ஏற்றினார்கள். அவள் முதலில் திரும்பிப் பார்த்தது அக்காவின் வளையல் சத்தத்துக்கு.

எல்லாம் அந்த இரண்டு கேள்வியால் நடந்தது. முதல் மருத்துவமனையிலும் யாரோ கேட்டிருக்கிறார்கள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். "மயங்கி விழுந்துட்டா" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எதிரில் இருந்த இளம் நர்ஸுக்கு மலையாளம் மட்டும்தான் தெரியும். மலையாளத்தில் மயங்குவது என்றால் கண் அயர்வது. குழந்தை அசந்து தூங்கிவிடுகிறாள் என்று அந்தப் பெண் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. நாங்கள் சொல்கிற மயக்கத்தை அங்கே போதம் கெட்டுப்போவது என்பார்கள். அதே மாதிரி வலிப்பு என்று நாங்கள் சொன்னால், அவர்கள் காதில் வலிவு என்று விழலாம், வலிவு என்றால் அங்கே இழுப்பு, ஆஸ்துமா. நாங்கள் வலிப்பு என்பதை அவர்கள் அபஸ்மாரம் என்பார்கள். இரண்டு மொழியும் அக்கா தங்கை மாதிரி இருப்பதால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்துவிட்டது என்று இருவருமே நம்பிவிடுகிறோம். முற்றிலும் தெரியாத மொழியாக இருந்தால் மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். பாதி தெரிந்த மொழியில்தான் உயிர் போகிற தவறு நடக்கிறது. இதை என் அனுபவத்தில் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நிலைமை வேறு. அங்கே மொழி ஒன்றுதான், ஆனால் நேரம் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை வார்டில் ஒரே மூச்சில் பத்துப்பேரிடம் "சுகர் இருக்கா, பிபி இருக்கா, அலர்ஜி இருக்கா" என்று கேட்டு, பிட்னஸ் கொடுத்தாகிவிடும். எங்கள் மக்களுக்குக் கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியும். நெஞ்சு படபடக்கும் என்பதை நோயாகவே நினைக்க மாட்டார்கள்; வேலை ஜாஸ்தி, வெயில், சாப்பிடவில்லை என்று அதற்கு நூறு காரணம் வைத்திருப்பார்கள்.

மருந்து வரலாற்றில் எனக்கு எப்போதுமே ஆர்வம் உண்டு. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டு, சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபார்மில் சாவது மூச்சு நின்றா, இதயம் நின்றா என்று அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஐதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற டாக்டர், நிஜாமின் பணத்தில் 1888-இலும் 1889-இலும் இரண்டு ஆய்வுக்குழுக்கள் நடத்தி, மூச்சைப் பார்த்துக்கொண்டால் போதும், இதயத்துக்குக் குளோரோஃபார்மால் நேரடி ஆபத்து இல்லை என்று முடிவு சொன்னார். 1911-இல் லண்டனில் குட்மன் லெவி, லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் அட்ரினலின் ஏறினால் இதயத்தின் கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கி நின்றுவிடும் என்று பூனைகளில் செய்து காட்டினார். பயம், அரைகுறை மயக்கம், அட்ரினலின். 4 வயதுப் பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போன அந்த வாசலில் நான் நின்றபோது இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அவளோடு சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை.

இன்றைக்குத் தியேட்டரில் மானிட்டர் இருக்கிறது, இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் திரையில் ஓடுகிறது. அது பெரிய காவல்தான். ஆனால் மானிட்டர் சொல்வது கெட்ட பிறகு. ஓடுகிற அந்தக் கோட்டில் க்யூடி நீளம் சட்டென்று யார் கண்ணிலும் படாது. முன்கூட்டியே சொல்வது அம்மாவின் வாய்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை உங்களில் பலரும் தினமும் நிரப்புகிறீர்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன் பெயர், எந்த ஆபரேஷன், அலர்ஜி, மூச்சுக்குழாய் போடச் சிரமம் வருமா, ரத்தம் அதிகம் போகுமா என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதயத் துடிப்பு பற்றி, குடும்பத்தில் திடீர் மரணம் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அதே தாளின் அடியில், உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த அனுமதியைப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். எல்லைப்புறத்து மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலில் மூன்று கேள்வியைத் தமிழில், தமிழ் எழுத்தில் சேருங்கள். ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயந்தோ, திடீர்ச் சத்தம் கேட்டோ நினைவு தப்பி விழுந்தது உண்டா? ரத்த சொந்தத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென்று, தூக்கத்திலோ தண்ணீரிலோ இறந்தது உண்டா? இதற்கு முன் மயக்க மருந்து கொடுத்தபோது உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ ஏதாவது ஆனதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால், அல்லது பிறவியிலேயே காது கேட்காத குழந்தை என்றால், இசிஜி. ஆரோக்கியமான எல்லாக் குழந்தைக்கும் எடுங்கள் என்று கேட்கவில்லை. அது தேவையில்லை என்பதும், வீணாகப் பயமுறுத்தும் என்பதும் எனக்குப் புரிகிறது.

குழந்தை ஆண் பிள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு வார்த்தை: நடக்கத் தாமதமானானா, படியேறத் திணறுகிறானா, அடிக்கடி தடுக்கி விழுகிறானா என்றும் கேளுங்கள். யாரும் கண்டுபிடிக்காத தசைச்சிதைவு நோய் உள்ள பையனுக்கு, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி போட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் பாய்ந்து இதயம் நின்றுவிடும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது.

பெரியவர்கள் விஷயம் என் கடையிலேயே தினமும் பார்ப்பது. "வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க" என்று சொல்லி, இரண்டு நாள் முன்பிருந்தே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அதில் மெட்டோப்ரோலால் இருக்கும். சடாரென்று நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எதை ஒரு வாய்த் தண்ணீரோடு சாப்பிட வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லுங்கள். நீர் போக மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், வைத்துப் பத்து வருடம் ஆகியிருக்கும்; கரன்ட் கத்தி வைத்து அறுக்கும்போது அது குழம்பும். அப்புறம் ஒன்று, அட்டைகள் இரண்டு மாநிலக் கடையிலும் வாங்கியவையாக இருக்கும், ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

மொழி பற்றிக் கேரளப் பக்கத்து நிர்வாகிகளுக்கு ஒரு சொல். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், அதே மொழியில் பதில் பெறலாம் என்கிறது. ரேஷன் கார்டுக்கு மனு எழுதும் மொழியில், மயக்க ஊசிக்கு முன் நாலு வார்த்தை பேசும் உரிமையும் எங்களுக்கு வேண்டும். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் ஆஷா ஊழியர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு போன் செய்தால் போதும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். மயக்கத்தின்போது இதயத் துடிப்பு மாறுவது பல சமயம் சின்ன விஷயம் என்று எனக்குத் தெரியும். கண் தசையை இழுத்தால் துடிப்பு குறையும், வயிற்றுக்குள் காற்றடைத்தால் குறையும், நிறுத்தினால் அல்லது அட்ரோபின் போட்டால் சரியாகிவிடும். அதையெல்லாம் சொல்லி எங்களைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் ஷாக் கொடுக்கும் அளவுக்குப் போனால், நெஞ்சை அழுத்தும் அளவுக்குப் போனால், சொல்லுங்கள். உட்கார வைத்து, பெரியவர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு, எங்களுக்குப் புரியும் சொல்லில் சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள்: எந்த நேரத்தில், எந்த மருந்துக்குப் பிறகு, எந்தத் தாளம், என்ன செய்தோம், இனி எதைக் கொடுக்கக் கூடாது. மானிட்டர் தாளின் ஒரு நகலைப் பின் போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். வழக்குப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் ஏழு மாதம் ஒன்றும் தெரியாமல் அவளை ஓடவிட்டோம், பம்புசெட்டுத் தொட்டியில் குதிக்கவிட்டோம், சளிக்கும் வாந்திக்கும் கைக்கு வந்ததைக் கொடுத்தோம். அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பாப்பாவுக்கு இப்போது ஏழு வயது. தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாள், ச கொஞ்சம் வழுக்கும். ஓட்டப்பந்தயத்தில் சேர்க்கக் கூடாது என்று டீச்சரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கழுத்தில் ஒரு அட்டை: நீண்ட க்யூடி நோய், கொடுக்கக் கூடாத மருந்துகள், இதய மருத்துவரின் எண். துடிப்பு தவறினால் தானாகவே ஷாக் கொடுக்கும் கருவியை நெஞ்சில் வைக்க வேண்டி வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி வந்தால் மறுபடி மயக்கம், மறுபடி தியேட்டர்.

மேலே சொன்ன கேள்விகளைத் தமிழிலும், தமிழ் எழுத்தில் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் எழுதி, கடை மேசையில் கட்டாக வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் போகிற யார் வந்தாலும் பையில் போட்டு அனுப்புகிறேன். அவர்கள் நீட்டினால் வாங்கிப் படியுங்கள்.

அந்த முதல் மருத்துவமனையில் அன்று தியேட்டரில் இருந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். அன்று மானிட்டரிலிருந்து எடுத்த தாள் எங்காவது கோப்பில் இருந்தால் நகல் கொடுங்கள். பாப்பாவின் இதய மருத்துவர் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்கிறார். அந்தத் துடிப்பு எப்படித் தொடங்கியது என்று பார்த்தால், நெஞ்சுக் கருவி இப்போதே வேண்டுமா, பொறுக்கலாமா என்று முடிவு செய்ய உதவும் என்கிறார். நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். அக்காவும் நானும் மட்டும் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேலந்தாவளம் பக்கத்து மருந்துக்கடைக்காரி